மூன்று வேளைக்கு ஓர் இலை

நெடுங்கரைச் சீமையைக் கடம்பராயர் ஆண்டபோது, அரண்மனையில் மாதம் ஒரு மாலை எல்லாச் சமயத்தாரும் கூடுவார்கள். ஒருவர் தம் நம்பிக்கையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். சண்டை போடக் கூடாது. சந்தேகம் கேட்கலாம். அதனால் சமணரான தரணேந்திர நயினாரும் மீரான் மரைக்காயரும் இருபது வருஷம் ஒரே தெருவில் முகம் பாராமல் இருந்துவிட்டு, இப்போது பேசிப் பேசி வீட்டுக்குப் போகும் வழியையே மறந்தார்கள்.

இந்த மாலையைத் தொடங்கி நடத்தியவள் வெள்ளையம்மாள். அரசருக்கு விடை தெரியாத கேள்விக்கு விடை சொல்வதே அவையில் அவள் வேலை. பிள்ளை குட்டி இல்லாதவள். மாதத்தில் அந்த ஒரு மாலைக்காகவே மற்ற நாட்களைக் கழித்தாள்.

அமைச்சர் அம்பலவாணருக்கு அது ஆகவில்லை. அரசரைப் புகழ்ந்து அவர் ஆயிரம் பாட்டு எழுதியிருந்தார். அதே மண்டபத்தில், அதே மாலையில்தான் முன்பு அவற்றைப் பாடிவந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டோடு அது நின்றுபோயிற்று. மிச்சம் அவர் தொண்டையிலேயே இருந்தது.

ஒரு நாள் அவர் அரசரிடம் சொன்னார்: "மகாராஜா, இவர்கள் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஒன்றாகச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

அரசர் யோசித்தார். பார்த்ததில்லை.

"சேர்ந்து சாப்பிடாத சிநேகம் என்ன சிநேகம்? ஒரு விருந்து வையுங்கள். நடந்தால் இந்த மாலை நடக்கட்டும். நடக்காவிட்டால் மண்டபத்தைப் பாட்டுக்குத் திருப்பிவிடுங்கள்."

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. உத்தரவு எழுதப்பட்டது: 'வருகிறவர் எல்லோரும் ஒரே பந்தியில், அரசரோடு சேர்ந்து உண்ண வேண்டும். யாரும் உண்ணாமல் எழக் கூடாது.' விருந்து நாளை மட்டும் அமைச்சர் பஞ்சாங்கம் பார்த்துத் தாமே குறித்தார்.

வெள்ளையம்மாள் வீடு வீடாகப் போனாள்.

"மண்ணுக்குள் விளைவது வேண்டாம் அம்மா, தேன் வேண்டாம்," என்றார் நயினார். "பொழுது சாய்ந்துவிட்டால் தண்ணீர்கூட வேண்டாம்."

"அன்றைக்கு ஏகாதசி ஆயிற்றே," என்றார் வைணவரான வரதாச்சாரியார். "சாதம் தொட மாட்டேன். சந்தியாவந்தனம் முடித்துவிட்டுப் பழம் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். நீ சொல்வதால் அந்த ஜபத்தை மண்டபத்திலேயே முடித்துக்கொள்கிறேன்."

"எனக்கு எதுவானாலும் சரி வெள்ளையம்மா," என்றார் மரைக்காயர். "ஆனால் ரமலான் மாசம். பொழுது சாய்கிற வரை தண்ணீர்கூடக் கிடையாது."

அமைச்சர் எப்படி நாள் பார்த்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நயினாருக்குக் கதவு மூடுகிற நேரத்தில் மரைக்காயருக்குக் கதவு திறக்கிறது.

அன்று மாலை, வெயில் இருக்கும்போதே இலை போட்டாள். வாழைப்பழம், பேரீச்சம்பழம், தேங்காய், வெல்லம், நெய் எல்லாம் பிசைந்த ஒரே கலவை. அரசர் நடுவில் உட்கார்ந்தார். அமைச்சர் எதிரில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நயினார் உண்ணத் தொடங்கினார். அரசரும் உண்டார். நன்றாகவே உண்டார். மரைக்காயர் கையைக் கட்டிக்கொண்டு, பசியோடு இருப்பதில் என்ன இருக்கிறது என்று விளக்கினார். வாய் நிறையப் பழத்தோடு நயினார் "ஆமாம், எங்களிடமும் அப்படித்தான்" என்றார். முடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே கிண்ணத்தில் கை கழுவிக்கொண்டார்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அந்தி ஜபத்தை முடித்துக்கொண்டு வரதாச்சாரியார் இலையில் கை வைத்தார். அரசர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது.

"எனக்குப் போதும், வெள்ளையம்மா."

"அரசரோடு சேர்ந்து என்று உத்தரவு, மகாராஜா. ஆச்சாரியார் யாரோடு சாப்பிடுவார்?"

அரசர் சாப்பிட்டார். சற்று நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மரைக்காயர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். கரண்டி மறுபடியும் அரசர் பக்கம் திரும்பியது.

"இந்த உத்தரவை எழுதினது யார்?" என்றார் அரசர்.

"தாங்கள்தான்."

மரைக்காயர் நாலு வாய் உண்டு கையெடுத்தார். "தொழுகைக்குப் போக வேண்டும். எழலாமா?"

எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். அரசரால் மட்டும் எழ முடியவில்லை.

அமைச்சர் சிரித்தார். "மகாராஜா, ஒருவர் முடித்தபின் ஒருவர். இது மூன்று பந்தி. உத்தரவு கெட்டது."

"அமைச்சரே," என்றாள் வெள்ளையம்மாள், "நம் ஊரில் பந்தியை எதை வைத்து எண்ணுகிறோம்? எழுவதை வைத்து. கடைசி ஆள் கையெடுக்கும் வரை யாரும் எழுவதில்லை. இன்றைக்கு எழுந்தார்களா?"

"உட்கார்ந்திருந்தால் போதுமா? சேர்ந்து சாப்பிடவில்லையே."

"உங்கள் மகள் கல்யாணத்தில் நீங்கள் மோருக்கு வந்தபோது நான் சாம்பாரில் இருந்தேன். நாம் இரண்டு பேரும் வேறு வேறு கல்யாணத்துக்கா போனோம்?"

மண்டபமே சிரித்தது. அமைச்சர் அரசரிடம் திரும்பினார். "தாங்களே சொல்லுங்கள். உண்டது ஒரு பந்தியா, மூன்றா?"

கடம்பராயர் வயிற்றைத் தடவிக்கொண்டு இலையைப் பார்த்தார். "வயிறு மூன்று என்கிறது. இலை ஒன்று என்கிறது. நான் இலையை நம்புகிறேன். இந்த மாலை இனி மாதம் தவறாமல் நடக்கும். விருந்தும் நடக்கும்."

தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வெள்ளையம்மாளிடம் நீட்டினார். எழுந்து போர்த்திவிடத்தான் முடியவில்லை.

"ஒரு திருத்தம். அடுத்த மாதம் முதல் எல்லோரோடும் சேர்ந்து உண்ண வேண்டியது அமைச்சர். நான் கேட்பதோடு சரி."

அம்பலவாணர் முகம் தொங்கியது. வெள்ளையம்மாள் சால்வையை மடித்துக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு அவரிடம் சொன்னாள்:

"அடுத்த மாதம் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிடுங்கள், அமைச்சரே. கடல் கடந்து புத்த பிக்கு ஒருவர் வருகிறார். அவர் உச்சிப் பொழுதுக்கு முன்னால்தான் சாப்பிடுவாராம்."