சிவலைக்கு முளைத்த கொம்பு

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். எந்த மொழியில் பேசின என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தமிழில்தான் பேசின. பனி மூடிய வடக்கு மலையில் மேயும் செம்மானுக்குத் தமிழ் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கதையில் நடந்த குளறுபடி வேறு மொழியில் நடக்க வழியே இல்லை. எனக்கு அந்தச் சான்று போதும்.

அந்த நாளில் செம்மான் கூட்டத்தில் ஒரு தலையிலும் கொம்பு கிடையாது. ஆணும் மொட்டை, பெண்ணும் மொட்டை. ஆணுக்கு மேல்தாடை ஓரத்தில் மழுங்கலாக இரண்டு கோரைப்பல் உண்டு. ஆனால் அதைக் காட்டுவதற்காக உதட்டைத் தூக்கினால் யாரும் பயப்படுவதில்லை. பல்வலியா என்று விசாரிப்பார்கள். மலைக் கரடிக்குக் கண் கொஞ்சம் மங்கல். அது எதிரே வரும் ஆண்மானிடம், "என்ன அக்கா, குட்டியெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கும் காத்திராமல் போய்விடும்.

இப்படி அடிக்கடி அக்கா ஆனவர்களில் ஒருவன் சிவலை. இளவயது, செம்மண் நிறம், நீண்ட கழுத்து. அவன் வெட்சி என்ற பெண்மானின் மேல் ஆசை வைத்திருந்தான்.

செம்மான்களில் பெண்கள் தனிக் கூட்டம், ஆண்கள் தனிக் கூட்டம். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி கொற்றி. வெட்சிக்கு அத்தை முறை. எங்கே மேய்வது, எப்போது நகர்வது, யாரைப் பக்கத்தில் சேர்ப்பது என்பதிலெல்லாம் கொற்றி வைத்ததுதான் சட்டம். முதல் பனி விழுந்ததும் கூட்டம் கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். அதற்குள் கல்யாணம் முடித்தவன் கூடவே இறங்கலாம். முடிக்காதவன் மேலேயே கிடக்க வேண்டியதுதான். கீழ்ப் பள்ளத்தாக்கில் வெட்சிக்கு ஒரு முறைமாப்பிள்ளை வேறு இருந்தான். தினமும் ஓடைத் தண்ணீரில் முகம் பார்த்து, கழுத்து முடியை நக்கிச் சீவிக்கொண்டு, பனி எப்போது விழும் என்று காத்திருந்தான்.

பனி உருகித் துளிர் விடும் நாட்களில் ஒரு காலை, சிவலை துணிந்து போய் வெட்சியிடம் கேட்டுவிட்டான். வெட்சி வாயில் இருந்த புல்லை நிதானமாக மென்று முடித்தாள்.

"முதல் பனிக்குள்ள கொம்போட வா," என்றாள். "கொம்பு இல்லாம வந்தா அத்தை ஒத்துக்க மாட்டாங்க. நானும்தான்."

சிவலை 'எந்தக் கொம்பு?' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாளே என்று, எல்லாம் தெரிந்தவனைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விலங்கின் தலையில் இருப்பது கொம்பு. மரத்தில் கிளைப்பதும் கொம்பு. வாயில் வைத்து ஊதுவதும் கொம்பு. ஏன், 'கெ' என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னால் சுழித்து நிற்கிறதே, அதுவும் கொம்புதான். நல்லவேளையாக மான்களுக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தால் குழப்பம் இன்னும் ஒரு மடங்கு கூடியிருக்கும். வெட்சி கேட்டது மூன்றாவது கொம்பை. கீழ்ப் பள்ளத்தாக்கில் ஓர் ஊர் இருந்தது. அங்கே திருவிழா நாளில் வளைந்த பித்தளைக் கொம்பு ஊதுவார்கள். அந்த ஒலி காற்றில் ஏறி வரும்போது கூட்டம் முழுக்க அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பும். கொம்பு ஊதாமல் ஒரு கல்யாணமா என்று கொற்றி ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு அது அந்தக் கூட்டத்தின் வழக்கமே ஆகிவிட்டது. தனியே மேல் சரிவில் மேயும் ஆண்களுக்கு அந்த ஒலியும் எட்டவில்லை, வழக்கமும் எட்டவில்லை.

எனவே சிவலை நேராகக் கவரிமாவிடம் போனான். கவரிமா என்பது மான் அல்ல, மயிர் அடர்ந்த மலைமாடு. பெயரைக் கேட்டு அதை மானாக்கிவிட்ட பெரியவர்கள் பலர் உண்டு. அவர்களோடு வழக்காட இது இடமில்லை. அந்தக் கவரிமாவின் தலையில் நல்ல வளைவான இரண்டு கொம்புகள் இருந்தன.

"அண்ணே, பனி விழுற வரைக்கும் கொம்பை இரவல் தர முடியுமா?" என்று கேட்டான் சிவலை.

கவரிமா நிமிர்ந்து பார்த்தது. "எங்க பரம்பரையைப் பத்தித் தெரிஞ்சுதான் கேக்கிறியா? ஒரு மயிர் கேட்டாலே குடுக்காத குடும்பம் தம்பி இது. கொம்பு கேக்கிற!"

பிறகு அதற்கே கொஞ்சம் இரக்கம் வந்து விளக்கியது. தன் கொம்பு மண்டை எலும்பின் மேல் உறை போட்டது மாதிரி வளர்ந்தது, சாகும்வரை கழலாது, கழற்றினால் செத்துப்போவேன் என்றது. சிவலை நகராமல் நின்றான். கவரிமாவுக்கு அலுத்துவிட்டது. "கொம்புதானே வேணும்? அதோ அந்த மரத்துக்கிட்டப் போய்க் கேளு. அதுக்கு உடம்பு பூராக் கொம்புதான்," என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கிண்டல் என்பது சிவலைக்கு எட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டு மரத்திடம் போனான்.

அது பெரிய சினார் மரம். அதற்குப் பேச ஆள் கிடைப்பதே அரிது. மரங்கொத்தி வரும், புழு கேட்கும். கரடி வரும், முதுகு சொறிய இடம் கேட்கும். கொம்பு வேண்டும் என்று வந்து நின்றவன் இவன்தான். மரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கொம்பா? எத்தனை வேணும்? நேரா, கவடா? கவட்டிலயும் கவடு விட்டதா?" என்று அடுக்கியது.

சிவலை தலைக்கு இரண்டு போதும் என்றான். மரம் யோசித்தது. முற்றிய கொம்பைக் கட்டினால் கழுத்து முறிந்துவிடும். இளங்கொம்பாக ஒட்டுப் போட்டுவிட்டால் தானாக வளர்ந்துகொள்ளும் என்று முடிவு செய்தது. துளிர் விடும் நிலையில் இருந்த இரண்டு சிறு கொம்புகளை உதிர்த்து, அவன் நெற்றி மேட்டில் பிசின் வைத்து ஒட்டியது. குளிர் தாக்காமலிருக்கப் பாசி போன்ற மெத்தென்ற தோலையும் சுற்றிவிட்டது.

"ஒரே ஒரு கண்டிசன்," என்றது மரம். "பனி உருகி நான் துளிர்க்கிற நேரத்துல எங்கொம்பு எல்லாம் எங்கிட்ட இருக்கணும். அப்பக் கொண்டாந்து காலடியில போட்டுடு. போட்டா மறுபடி புதுசு வச்சு விடுறேன்."

சிவலை ஒப்புக்கொண்டான்.

கோடை முழுக்கக் கொம்பு வளர்ந்தது. மரத்துக் கொம்பு அல்லவா? கிளைத்தது. கிளையில் கிளை விட்டது. மெத்தென்ற தோலுக்குள்ளே சூடாக இரத்தம் ஓடியது. ஈ உட்கார்ந்தால் கூசியது. தாழ்ந்த கிளைகளுக்கு நடுவே போனால் தலை மட்டும் பின்னால் நின்றுகொண்டது. ஆகவே அண்ணாந்து, கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு நடக்கப் பழகினான். ஒரு சிட்டு இரண்டு கவடுகளுக்கு நடுவே நார் கொண்டுவந்து வைத்துப் பார்த்தது. வீடு நகர்கிறது என்று தெரிந்ததும் திட்டிவிட்டுப் போயிற்று.

கூட்டாளிகள் விடுவார்களா? "என்னடா சிவலை, உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று தினமும் கேட்டுச் சிரித்தார்கள். முளைத்துத்தான் இருந்தது என்பதால் அவனுக்குக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. கரடி மட்டும் எதிரே வந்து, உற்றுப் பார்த்து, "மன்னிச்சுக்க தம்பி, இத்தனை நாளா அக்கான்னு நினைச்சிருந்தேன்," என்றது. சிவலைக்குக் கண் கலங்கிவிட்டது.

கோடை முடியும்போது கொம்பு இறுகியது. தோல் காய்ந்து அரித்தது. மரங்களில் தேய்த்துத் தேய்த்து உரித்தான். உள்ளேயிருந்து பழுப்பும் வெண்மையுமாகப் பளபளத்தது. சினார் இலைகள் சிவந்தன; உதிர ஆரம்பித்தன. ஒருநாள் அதிகாலையில் வானம் சாம்பல் நிறமாகி முதல் பனித்துகள் அவன் மூக்கின் மேல் விழுந்தது. சிவலை ஓடினான்.

பெண்மான்கள் இறங்கும் பாதையில் வரிசை கட்டி நின்றன. முன்னால் கொற்றி, அவளுக்குப் பின்னால் வெட்சி. புதருக்குப் பின்னாலிருந்து முதலில் இரண்டு கிளைகள் வந்தன; அதன்பிறகு சிவலை வந்தான். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. குட்டிகள் சிரித்துப் புரண்டன.

வெட்சி மட்டும் சிரிக்கவில்லை. அவனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள்.

"என்ன இது?"

"கொம்பு. நீ கேட்டியே."

"நான் கேட்டது ஊதுற கொம்பு. திருவிழாவுல ஊதுவாங்களே, அது. நீ தலையில விறகு கட்டிட்டு வந்து நிக்கிற."

கோடை முழுக்கச் சுமந்தது, தேய்த்தது, ஊர்க் கேலி கேட்டது எல்லாம் ஒரு சொல்லில் விறகாகிவிட்டது. மேலே பனி விழுந்துகொண்டிருந்தது. கீழ்ப் பள்ளத்தாக்கில் முறைமாப்பிள்ளை முடி சீவிக்கொண்டிருப்பான். கொற்றி வானத்தைப் பார்த்தாள். நேரமாகிறது, நடங்கள் என்று சொல்லி முன்காலை எடுத்து வைத்தாள். வெட்சி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பின்னால் நடந்தாள்.

"அது எப்படி இருக்கும்?" என்று கத்தினான் சிவலை. துளிர்க் காலத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போதாவது கேட்டுவிட்டான்.

வெட்சி நின்றாள். "அடிவயித்துல ஆரம்பிக்கும்," என்றாள். "அப்புறம் மேல ஏறும். ஏறி ஏறி, மலையெல்லாம் திருப்பிச் சொல்லும்."

சிவலை நான்கு காலையும் அகட்டி நின்றான். கோடையில் பழகியபடி அண்ணாந்து, கொம்புகளை முதுகில் சாய்த்தான். கழுத்து நீண்டது. வாய் திறந்தது. முதலில் வந்தது வெறும் கரகரப்பு. ஒரு குட்டி மறுபடியும் சிரிக்கத் தொடங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் புறப்பட்டது. வெட்கமும் ஆசையும் ஒரு கோடைகாலப் பாரமும் சேர்ந்து அதைத் தள்ளின. அது ஏறியது, உச்சியில் விசில் போல மெலிந்து நின்றது, இறங்கும்போது உறுமலாகத் துண்டு துண்டாக விழுந்தது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. அதற்கடுத்த மலையும் சொன்னது. கீழே ஊரில் ஜனங்கள் திருவிழா தொடங்கிவிட்டது, நமக்கு யாரும் சொல்லவில்லை என்று தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அங்கே முறைமாப்பிள்ளையும் கேட்டான். கேட்டு, முடி சீவுவதை நிறுத்தினான்.

வரிசையில் எல்லாக் காதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

"இன்னொரு தடவை," என்றாள் வெட்சி.

சிவலை இன்னொரு தடவை முழங்கினான். அதற்குப் பிறகு யாரும் கேட்காமலேயே பல தடவை முழங்கினான். நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. கொற்றி அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் ஒரு கொம்பு, தொண்டையில் ஒரு கொம்பு. ஒன்று கேட்டால் இரண்டு கொண்டுவருகிற மாப்பிள்ளை லேசில் கிடைப்பானா என்று சொல்லிக் கல்யாணத்தை அங்கேயே முடித்துவைத்தாள். அந்த விறகையும் கழற்ற வேண்டாம், பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று வெட்சி சொன்னதை மற்றப் பெண்களும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

பனி உருகியது. சிவலை சொன்ன சொல்லை மறக்கவில்லை. சினார் மரத்தடிக்குப் போய்த் தலையைக் குனிந்தான். கொம்பு இரண்டும் பழுத்த இலை போலக் கழன்று விழுந்தன. மறுபடியும் மொட்டை, கரடி மறுபடியும் "என்ன அக்கா?" என்றது. ஆனால் மரம் வாக்குத் தவறவில்லை. புதிதாக ஒட்டுப் போட்டது, போன வருஷத்தைவிட ஒரு கவடு கூடுதலாக. விழுந்த பழைய கொம்பைக் காட்டு எலிகளுக்குக் கொறிக்கக் கொடுத்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு மரம் நிமிர்ந்தபோது, சிவலைக்குப் பின்னால் ஆண்மான்கள் எல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. கேலி செய்தவர்கள்தான் முதலில் நின்றார்கள். பெண்களுக்கும் வேண்டுமா என்று மரம் சொல்லி அனுப்பியது. கேட்பது எங்கள் வேலை, கொண்டுவருவது அவர்கள் வேலை என்று வெட்சி பதில் அனுப்பிவிட்டாள்.

சிவலையின் வம்சத்தில் ஒரு கிளை நெடுந்தூரம் போய், பெருத்து வளர்ந்து, எல்க் என்று பெயர் வாங்கிக்கொண்டது. அதற்கு அந்த விசில் மட்டும் இன்னும் நன்றாக வரும்.

அந்த முதல் பனியிலிருந்துதான் செம்மானின் ஆண்கள் துளிர்க் காலத்தில் கொம்பை உதிர்ப்பதும், கோடையில் மெத்தென்ற தோலோடு மறுபடி வளர்ப்பதும், இலை சிவக்கும் நாட்களில் அண்ணாந்து நின்று முழங்குவதும். உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று யாரிடம் கேட்டாலும் சண்டை வரும். செம்மானிடம் மட்டும் கேட்கலாம். ஆமாம், இந்த வருஷமும் முளைத்திருக்கிறது என்று சந்தோஷமாகத் தலையைக் காட்டும்.