தாவூதுக்குத் தெரியாத சிவப்பு

"மேடம், நான் ஊருக்குப் போறேன்" என்றார் தாவூது.

பேராசிரியர் லோகாம்பாள் தலையைத் தூக்கவில்லை. மெல்லிய துணியால் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்போ?"

"நாலு மணி பஸ்ஸுக்கு."

"ஏன்?"

"எனக்குச் சிவப்பு தெரியாது."

துணி நின்றது.

தாவூது அந்த இயற்பியல் துறையிலேயே வயதில் மூத்த மாணவர். பேராசிரியரைவிடவும் மூத்தவர். மேலப்பாளையத்தில் அவருடைய வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஒருமுறை, முகூர்த்தத்துக்கு அரக்குச் சிவப்பில் பட்டு கேட்டு வந்தவர்களுக்கு முன்னால் தாவூது கரும்பச்சையை எடுத்து விரித்துவிட்டார். மணப்பெண்ணின் அம்மா எழுந்து போனார்.

வாப்பா அந்தப் பச்சையை மடித்து வைத்தார். மறுநாளிலிருந்து மகனை வேட்டிப் பக்கம் உட்கார வைத்தார்.

வெள்ளை வேட்டி.

வெள்ளை வேட்டிகளுக்கு நடுவே பல வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் எழுந்து படிக்க வந்துவிட்டார் தாவூது. கணக்குக்கு நிறம் கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி வந்தார்.

அன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் விளக்கை ஏற்றினார்கள். அதன் வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டும் கருவியின் குழலுக்குள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். இருட்டுக்குள் தனித்தனிக் கோடுகள். சிவப்பு, நீலம், ஊதா.

"பளிச்சுன்னு இருக்கு, அந்தச் சிவப்பு!" என்றாள் பூங்கோதை, அவரோடு படிப்பவள்.

"எங்கே?" என்று கேட்டார் தாவூது.

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

சிரிப்பு அவரைச் சுடவில்லை. நிறுத்தியதுதான் சுட்டது.

லோகாம்பாள் லென்ஸைக் கீழே வைத்தார்.

"வாங்க" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல்களைச் சாத்தி விளக்கை ஏற்றினார்.

"பாருங்க. என்ன தெரியுது?"

"ஒரு கோடு. வெளுத்த மாதிரி இருக்கு. மத்தவங்க நீலம்னு சொல்றது அதுவாத்தான் இருக்கணும். அப்புறம் ஊதா."

"வெளுத்த கோட்டுக்கு இந்தப் பக்கம்?"

"இருட்டு."

"சரி. அந்த வெளுத்த கோடு எப்படி வருது?"

தாவூது குழலிலிருந்து கண்ணை எடுத்தார். இது அவருக்குத் தெரிந்த பாடம்.

"அணுவுக்குள்ள எலெக்ட்ரான் நிக்கிறதுக்குன்னு சில படிங்கதான் உண்டு மேடம். நடுவுல நிக்க முடியாது. மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு விழும். விழுந்த அளவுக்கு ஒளியா குடுத்துடும். நாலாம் படியிலிருந்து ரெண்டாம் படிக்கு விழுந்தா இந்தக் கோடு."

"மூணாம் படியிலிருந்து ரெண்டுக்கு விழுந்தா?"

"சிவப்பு."

"எங்க விழும்?"

"எனக்குத்தான் தெரியாதே மேடம்."

"தெரியுதான்னு கேக்கலை. எங்க விழும்னு கேட்டேன்."

தாவூது கரும்பலகைக்குப் போனார். படிகளின் எண்களை எழுதினார். வகுத்தார். கழித்தார்.

"இந்தக் கோட்டோட அலைநீளத்தை இருபது பங்கா வச்சா, அது இருபத்தேழு பங்கு."

"கருவியில?"

கோணத்தையும் கணக்கிட்டார். சரிபார்த்தார். இன்னொரு முறை சரிபார்த்தார்.

"குழலை அங்க கொண்டுபோய் வைங்க."

குழலுக்குள் மெல்லிய குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. அதைக் கோட்டின்மேல் நிறுத்தித்தான் எல்லோரும் அளப்பார்கள். தாவூது கண்ணை வைக்கவே இல்லை. அளவுத் தகட்டை மட்டும் பார்த்துக்கொண்டு குழலை நகர்த்தினார். தாண்டிவிட்டது. திரும்ப நகர்த்தினார். திருகை இறுக்கினார்.

லோகாம்பாள் வராந்தாவை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பூங்கோதை, இங்க வா. குழலைத் தொடாதே. பாத்து மட்டும் சொல்லு."

அவள் குனிந்தாள்.

"சிவப்புக் கோடு மேடம். கம்பி அதும்மேலயே இருக்கு. முடி இழை அளவுகூட விலகலை. யாரு வச்சா?"

அவள் திரும்பிக் கரும்பலகைக் கணக்கைப் பார்த்தாள்.

"அண்ணே!"

தாவூதின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

அவர் குழலுக்குள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இருட்டு.

"சந்தோஷம்தான் மேடம்" என்றார் நிமிர்ந்து. "ஆனா கல்யாண வீட்டுல ஊருக்கெல்லாம் பரிமாறிட்டுப் பசியோட திரும்பி வர்ற மாதிரி இருக்கு. இலையில போட்டேன். சாப்பிட்டது அவங்க."

பூங்கோதை தரையைப் பார்த்தாள்.

லோகாம்பாள் கரும்பலகையருகே போனார். தாவூது எழுதிய 'நாலிலிருந்து ரெண்டு' என்பதில் ரெண்டை விரலால் அழித்தார். அந்த இடத்தில் மூன்று என்று எழுதினார்.

"இப்போ?"

"நாலாம் படியிலிருந்து மூணாம் படிக்கா?"

"ஆமா. அந்த விளக்குக்குள்ள அதுவும்தான் விழுந்துக்கிட்டிருக்கு."

தாவூது சாக்பீஸை எடுத்தார். இந்த முறை கை தயங்கவில்லை.

"வெளுத்த கோட்டை ஏழு பங்கா வச்சா, இது இருபத்தேழு பங்கு. கிட்டத்தட்ட நாலு மடங்கு."

"வைங்க."

அவர் குழலை நகர்த்தினார். சிவப்பு இருந்த இடத்தைத் தாண்டினார். மேலும் தாண்டினார். வழக்கமாக யாரும் குழலைக் கொண்டுபோகாத இடம் அது. அங்கே திருகு கொஞ்சம் இறுகலாக இருந்தது. மெதுவாகத் திருப்பி நிறுத்தினார்.

"பாரும்மா" என்றார் லோகாம்பாள்.

பூங்கோதை குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, வெளிச்சம் படாமல் மறுபடி பார்த்தாள்.

"கம்பி இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்லையே மேடம்."

"நகரு."

லோகாம்பாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இடது கண்ணால் பார்த்தார். வலது கண்ணால் பார்த்தார். அவசரமே இல்லை. சாரல் ஜன்னலில் தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒண்ணும் தெரியலை. இந்த இடத்துல எல்லார் கண்ணும் ஒண்ணுதான்" என்றார்.

எழுந்து ஸ்டூலைத் தாவூது பக்கம் நகர்த்தினார்.

தாவூது உட்காரவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். மணி நாலைத் தாண்டியதை அவர் கவனிக்கவில்லை.

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ அங்க கோடு இருக்கா, இல்லையா மேடம்?"

லோகாம்பாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னை ஏன் கேக்குறே?" என்றார். "அண்ணனைக் கேளு."