திமிர் பிடித்த லாரிக்கு மட்டும் அணையும் விளக்கு

"என் காருக்கு ரோஷம் கிடையாது" என்றார் சங்கரநயினார்.

எஸ்தர் ஒரு லாரி ஹாரனைப் பிரித்துப் போட்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதிரி வந்தா கண்ணை மூடிக்குது தாயீ. முப்பது வருஷமா பிள்ளை மாதிரி வளத்த கார். மலைப்பாதையில, வளைவுல, ஒரு தடி லாரி முன்னால என்னை இருட்டுல விட்டுருது. இதைக் கேக்க நாதி இல்லையா?"

"உக்காருங்க அண்ணாச்சி."

"நான் உக்கார வரலை."

உட்கார்ந்தார்.

சங்கரநயினாரின் கோபம் செங்கோட்டை வட்டாரத்தில் பிரசித்தம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை அவர் மேஜையைத் தட்ட, அங்கே ஐந்தருவியில் ஓர் அருவி பயந்துபோய் நின்றுவிட்டது. சந்தேகப்படுகிறவர்கள் கோடையில் போய் எண்ணிப் பார்க்கலாம். அதற்கு இன்னும் பயம் தெளியவில்லை.

கார் அவரைவிடப் பிரசித்தம். எஸ்டேட் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுப்போன சீமைக் கார். அது ஓடினால் ஊர் திரும்பிப் பார்க்கும். நின்றால் ஊர் கூடித் தள்ளும்.

எஸ்தருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வண்டிகளின் மின்சார வேலை பார்ப்பவள். லாரிக்காரர்கள் அவளை டீச்சர் என்பார்கள். பாடம் ஒன்றும் நடத்த மாட்டாள். கேள்விதான் கேட்பாள்.

"அவசரமா?" என்றாள்.

"அவசரமாவா! நாளைக்குப் புனலூர்ல மகளுக்கு வளைகாப்பு. முடிச்சு, தலைப்பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வரணும். நேரம் காலம் பாத்து சம்பந்தி வீட்டுல ஆறரைக்கு மேலதான் அவளைப் படி இறக்கி அனுப்புவாங்களாம். மலையேறும்போது இருட்டிரும். என் வீட்டுக்காரி என்ன சொல்லுதா தெரியுமா? 'பிள்ளைத்தாச்சியை இந்தக் குருட்டுக் கார்ல ஏத்த மாட்டேன்'ங்கா. வாடகைக் கார் சொல்லிட்டா. என் மகளை, என் கண்ணு முன்னால, வாடகைக் கார்ல!"

மூச்சு வாங்கினார்.

"அவ பிறந்த மூணாம் நாள் ஆஸ்பத்திரியிலேருந்து இந்தக் கார்லதான் வந்தா."

அந்த ஒரு வரிக்கு மட்டும் குரல் இறங்கியது. உடனே ஏற்றிக்கொண்டார்.

"பேட்டரி மாத்தியாச்சு. பியூஸ் மாத்தியாச்சு. வயர் மாத்தியாச்சு. எலக்ட்ரீஷியனையே மூணு தடவை மாத்தியாச்சு. கடைசி ஆளு திருஷ்டின்னு சொல்லி எலுமிச்சம்பழம் கட்டினான். பழம் அழுகினதுதான் மிச்சம்!"

"எப்ப அணையும்?"

"எதிர்ல வண்டி வரும்போது."

"எல்லா வண்டிக்குமா?"

"திமிர் பிடிச்ச வண்டிக்கு மட்டும்."

எஸ்தர் முதல்தடவையாக நிமிர்ந்தாள்.

"அது திமிர் பிடிச்ச வண்டின்னு காருக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்! அவன் லைட்டைத் தாழ்த்த மாட்டேங்கான். நான் மட்டும் தாழ்த்தணுமோ? ஹை பீமைப் போட்டேன்னா அவன் கடந்து போற வரைக்கும் எடுக்க மாட்டேன். நாலு லாரி வரிசையா வந்தா நாலுக்கும் எடுக்க மாட்டேன். சரியா நாலாவது லாரிக்கு அணையும். மானம் போகும்."

எஸ்தர் எழுந்து போய் முன்விளக்கைக் கழற்றினாள். பல்பைத் துடைத்து, அதன் அடியில் இருந்த எண்ணைப் படித்தாள்.

"இது வண்டியோட வந்த பல்பா?"

"வண்டியோட வந்தது அகல் விளக்கு. இது மதுரையில சொல்லி வரவழைச்சது. ரெட்டைப் பங்கு வெளிச்சம். போட்ட அன்னிக்கு எதிர்ல வந்த டிரைவர், பொழுது விடிஞ்சிருச்சுன்னு நினைச்சு வண்டியை நிறுத்திப் பல் தேய்ச்சான்!"

"எப்ப போட்டீங்க?"

"போன ஆவணியில."

"எப்ப அணைய ஆரம்பிச்சது?"

"ஆவணிக் கடைசியில. அதுக்கும் இதுக்கும் என்ன?"

எஸ்தர் பல்பை மாட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணி ஹை பீம் போடுங்க."

"பகல்ல நல்லாத்தான் எரியும். மூணு பேரும் ரெண்டு நிமிஷம் போட்டுப் பாத்துட்டு, 'ஒண்ணும் இல்ல'ன்னு போயிட்டானுவ."

"போடுங்க."

போட்டார். கடைச் சுவர் பளீரென்றது.

"டேஷ்போர்டுக்கு அடியில கையை விட்டு, லைட் சுவிட்சோட முதுகைத் தொடுங்க. கையை எடுக்கக் கூடாது."

"தொட்டுட்டேன்."

"இப்ப அந்தத் தடி லாரிக் கதையைச் சொல்லுங்க."

இந்த மாதிரி ஒரு வேண்டுகோளை வாழ்நாளில் யாரும் அவரிடம் வைத்ததில்லை. மடை திறந்தது. வளைவு வந்தது, லாரி வந்தது, அதன் நெற்றியில் ஆறு விளக்கு எரிந்தது. சொல்லச் சொல்ல ஆறு பத்தானது. டிரைவரின் மீசை வளர்ந்தது. "எனக்கு வழி விடாம, என்னை மதிக்காம, நான் யாருன்னு தெரியாம..."

"ஆ!"

கையை உதறிக்கொண்டு வெளியே குதித்தார். சுவர் இருண்டு கிடந்தது.

"பாத்தியா! பாத்தியா! இதுதான்! இப்படித்தான் அணையும்!"

வழக்கு ஜெயித்தவர் மாதிரி நின்றார். எஸ்தர் எதிர்க் கடைக்கு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு டீ வந்தது.

"அணைஞ்சு கிடக்குங்கேன், டீ குடிக்கச் சொல்லுதியே!"

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். வேறு வழியில்லாமல் அவரும் குடித்தார். பாதி கிளாஸ் இறங்கியிருக்கும்.

'டிக்.'

சுவர் மறுபடியும் பளீரென்றது.

"யாரு போட்டா?" என்றார்.

"சுவிட்சுக்குள்ள ஒரு சின்னத் தகடு இருக்கு அண்ணாச்சி. உங்க ரெட்டைப் பங்கு பல்பு ரொம்ப நேரம் ஹை பீம்ல எரிஞ்சு, சூடு தாங்காமப் போனா வளைஞ்சு விலகிக்கும். ஆறினா வந்து ஒட்டிக்கும்."

"அப்ப அந்தத் தகடுதான் துரோகி! பிடுங்கி எறி!"

"எறியலாம்."

"எறிஞ்சா?"

"லைட்டு அணையாது."

"அதைத்தானே கேட்டேன்!"

"வயர் எரியும். அப்புறம் வண்டி எரியும்."

சங்கரநயினார் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நுனி சிவந்து கொப்புளம் கட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ இத்தனை நாளா அது..."

விரலை ஊதிக்கொண்டார்.

எஸ்தர் உள்ளே போய் வந்தாள். வலது கையில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றும் தடித்த வயரும். இடது கையில் இரண்டு சின்ன பல்புகள்.

"இது ரிலே. இதைப் போட்டா சுவிட்சுக்குப் பாரம் கிடையாது. நாலு லாரி இல்ல, நாப்பது லாரி வந்தாலும் ஹை பீம் அணையாது."

"அது?"

"பழைய அளவு பல்பு. உங்க அகல் விளக்கு."

"நீயா இருந்தா எதைப் போடுவ?"

"எனக்கு எதிர்ல லாரி வரலையே அண்ணாச்சி."

அவர் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். வேறு எதைக் காட்டுவார்? எஸ்தர் மாட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் புனலூரிலிருந்து கிளம்பினார்கள். அவர் மனைவி பிரமநாயகி ஒரு நிபந்தனையின் பேரில்தான் காரில் ஏறினாள். வாடகைக் கார் காலியாகப் பின்னாலேயே வரும். முன்விளக்கு ஒரு தடவை அணைந்தால் போதும், மகளும் அவளும் இறங்கி அதில் மாறிக்கொள்வார்கள். இப்படி ஓர் அவமானம் உலகத்தில் எந்தக் காருக்கும் நேர்ந்திருக்காது.

பின் சீட்டில் மகள், இரண்டு கை நிறைய வளையலோடு. கார் குலுங்கினால் வளையல் குலுங்கியது.

மலை ஏறியது. இருட்டியது.

வளைவில் ஒரு தடி லாரி இறங்கி வந்தது. நெற்றியில் நிஜமாகவே ஆறு விளக்கு. தாழ்த்தவில்லை.

"வாடா" என்றார் சங்கரநயினார். ஹை பீமைப் போட்டார்.

அணையவில்லை.

லாரி நெருங்கியது. அணையவில்லை! முப்பது வருஷத்தில் இப்படி எரிந்ததில்லை.

வளைவில் லாரி திரும்ப, அதன் வெளிச்சம் பாறைப் பக்கம் ஒதுங்கியது. இவருடைய வெளிச்சம் நேராக டிரைவர் முகத்தில் விழுந்தது. எதிர் விளக்கு கண்ணைக் கூசவைக்காமல் இவ்வளவு கிட்டத்தில் ஒரு லாரி டிரைவரை அவர் பார்ப்பது இதுதான் முதல்தடவை. மீசையே இல்லை. ஒரு முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, ரோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துழாவிக்கொண்டிருந்தான். அத்தனை பருமனோடு லாரி இவர் பக்கமாகச் சரிந்து வந்தது.

பின்னால் வளையல் குலுங்கியது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரலில் கொப்புளம் சுரீரென்றது.

அவருடைய இடது கால், தரையில் இருந்த, விளக்கைத் தாழ்த்தும் டிம் பட்டனைத் தேடிப் போய் மிதித்தது.

லாரி நிதானித்து, நேராகி, உரசாமல் கடந்து போனது. அதன் ஆறு விளக்கும் கடைசிவரை அப்படியேதான் எரிந்தன.

பிரமநாயகி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்ன, போச்சா? பின்னால வாற வண்டியை நிறுத்தச் சொல்லவா?"

"போகலட்டி" என்றார் அவர். "நான்தான் குறைச்சேன்."