சின்னத் திருகு

டாக்டர் வைரவனின் கையைத் திருச்சியில் தங்கக் கை என்பார்கள். கத்தி பிடித்தே நரைத்த மனிதர். காரைக்குடியில், குழந்தைக்காக ஏங்குபவர்களுக்கென்று சொந்தமாக ஒரு மருத்துவமனை தொடங்கும் ஆசை வந்தபோது, அந்தத் தங்கக் கையோடு ஜெசிந்தாவின் ஆய்வகத்துக்கு மாணவராக வந்து சேர்ந்தார்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. வைரவனின் மகள் வயதுதான் இருக்கும். நுண்ணோக்கியின் அடியில், முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால், ஒரு பெண்ணின் கருமுட்டைக்குள் ஓர் ஆணின் உயிரணுவைக் கொண்டுபோய் வைப்பது அவள் வேலை. ஊசியைக் கை தொடாது. கருவியில் இரண்டு திருகுகள் உண்டு. பெரிய திருகு ஊசியை ஓடவைக்கும். சின்னத் திருகு ஊரவைக்கும். முட்டைக்கு அருகில் போனபின் பெரியதைத் தொடக்கூடாது.

"வாங்க, லேட்டா வந்த மாணவரே," என்றாள் ஜெசிந்தா முதல் நாள்.

"வந்துட்டேன், டீச்சர்."

கேலியாகத்தான் கூப்பிட்டார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

முதல் வாரத்திலேயே அவசரப்பட்டுப் பெரிய திருகைத் திருகி ஊசியை உடைத்தார். ஜெசிந்தா திட்டவில்லை.

"உடையும்போது என்ன சத்தம் கேட்டுச்சு, டாக்டர்?"

"சத்தமே கேக்கலையே."

"ம்," என்றாள். புது ஊசியைப் பொருத்தினாள்.

அதன்பின் ஊசி உடையவில்லை. கருவாகாத முட்டைகளைப் பயிற்சிக்கென்று சில பெண்கள் மனமுவந்து கொடுத்திருந்தார்கள். அவற்றில் வைரவன் பழகினார். ஊசி நேராகப் போகும், நுழையும், வெளியே வரும். பார்க்க அழகாக இருக்கும். பக்கத்து அறைப் பெண்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இனிமே நிஜமானதைக் குடுக்கலாம்ல, டீச்சர்?"

"குடுக்கலாம்."

"எப்போ?"

"இன்னொண்ணு பழகுங்க."

மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது. காரைக்குடியில் கட்டடத்துக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. இவள் சரியென்று சொன்னால்தான் அவர் அங்கே போய் உட்கார முடியும்.

அப்போதுதான் ரஹ்மத் வந்தாள். அறந்தாங்கிப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய அக்காவை ஒரு காலத்தில் சாவிலிருந்து மீட்டவர் வைரவன். ரஹ்மத்துக்கு இது மூன்றாவது முயற்சி. இந்த முறை கிடைத்தது இரண்டே முட்டைகள். இனி உடம்பு தாங்காது என்று சொல்லியிருந்தார்கள்.

"உங்க கையால செய்யுங்க டாக்டர்," என்றாள். "அக்காவுக்குச் செஞ்ச மாதிரி."

வைரவன் நேராக ஆய்வகத்துக்குப் போனார்.

"டீச்சர், அந்தப் பொண்ணே கேக்குது. ஒரு கை தயாராயிடுச்சுன்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க? அதையாவது சொல்லுங்க."

ஜெசிந்தா பயிற்சி முட்டை ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

"முதல்ல இதை முடிங்க."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்."

அவர் உட்கார்ந்தார். திரையில் முட்டை தெரிந்தது, பனிமூட்டத்தில் தெரியும் நிலவு மாதிரி. ஊசியைக் கொண்டுபோனார். முனை முட்டையின் ஓரத்தைத் தொட்டது. ஓரம் மெல்லக் குழிந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை.

திருகு நின்றுவிட்டது.

சின்னத் திருகு அதன் கடைசிக்கு வந்திருந்தது. இனி ஊசியை ஊரவைக்க அதில் இடமில்லை. வேலையைத் தொடங்குமுன் அதை நடுவில் நிறுத்திவைக்க வேண்டும். அப்போதுதான் முன்னேயும் போகலாம், பின்னேயும் வரலாம். நேற்று வேலை முடிந்ததும் அவரே நடுவில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அந்த நம்பிக்கையில் இன்று குனிந்து பார்க்கவில்லை.

கை தானாகப் பெரிய திருகுக்குப் போனது. ஒரு தொடல் போதும், முடிந்துவிடும். அறுவைசிகிச்சை மேசையில் பாதியில் நின்று பழகாத கை அது.

பின்னால் ஜெசிந்தா மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

சத்தமே இல்லாமல் உடைந்த ஊசி அவர் நினைவுக்கு வந்தது.

கையை எடுத்தார். சின்னத் திருகைப் பின்னால் திருகினார். குழிவு மெல்ல நிமிர்ந்தது. ஊசி முட்டையைவிட்டு வந்தது. அதை மேலே தூக்கினார். திருகை நடுவில் நிறுத்தினார். ஊசியை மறுபடி இறக்கினார், முதலிலிருந்து. முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போய், வெளியே வந்தார்.

சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"திருகைப் பாக்காம உக்காந்துட்டேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா நேத்து நடுவிலதான் வச்சேன், டீச்சர். சத்தியமா."

"நடுவிலதான் இருந்துச்சு. காலையில நான்தான் கடைசிக்குக் கிட்ட திருகி வச்சேன்."

வைரவன் எழுந்துவிட்டார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"அதான் திருகே சொல்லுச்சே."

கோபத்தில் கதவுவரை போனார். ரஹ்மத்திடம் என்ன சொல்வது? உன் டாக்டர் இன்னும் பழகுகிறார் என்றா?

திரும்பிப் பார்த்தபோது, ஜெசிந்தா அடைகாப்புப் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் ரஹ்மத்தின் பெயர் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்து, அவரையும் படிக்கச் சொன்னாள். அருகே போய்ப் படித்தார்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணு நான் செய்யறேன், ஒண்ணு நீங்க. வந்து உக்காருங்க."

அவர் அசையவில்லை.

"இத்தனை நாள் ஒரு பிசிறு இல்லாம செஞ்சேன். அப்பல்லாம் குடுக்கல. இன்னைக்குப் பாதியில நின்னு, பின்வாங்கி, வேர்த்து ஊத்திச் செஞ்சேன். இன்னைக்குக் குடுக்கறீங்க."

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பல்லாம் வழி இருந்துச்சு டாக்டர். போனீங்க."

வைரவன் வந்து உட்கார்ந்தார். திரையை நிமிர்ந்து பார்க்குமுன், குனிந்து சின்னத் திருகைப் பார்த்தார்.