தட்டில் மிஞ்சிய திருகாணி

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், புதன்கிழமை. திருச்சியில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. புழுதிக் காற்று பாலக்கரைக் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, இதை நானே பிரிக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார் சவரிமுத்து.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பொன்மலை இரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் எஞ்சின்களைப் பிரித்தும் சேர்த்தும் ஓய்வு பெற்றவர். அவர் ‘அம்மா’ என்று அழைத்த ஜைனம்புவுக்கு வயது முப்பத்துநான்கு. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அந்தக் கடையின் உரிமையாளர். நான்கு மாதங்களாகச் சவரிமுத்துவுக்கு ஆசிரியை.

மேசைமேல் இருந்தது சவரிமுத்துவின் மனைவி லில்லி புஷ்பத்தின் கடிகாரம். விளையாட்டு ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் ஓட்டப் பந்தயங்களுக்கு அவர் நேரம் பார்த்த கடிகாரம். சாவி கொடுத்தால் ஓடுவது. பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். மேலுள்ளதை அழுத்தினால் நீண்ட விநாடி முள் புறப்படும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழுள்ளதை அழுத்தினால் சுழியத்துக்குத் திரும்பும்.

இப்போது அந்த முள், சுழியத்துக்குத் திரும்பாமல் மூன்றாம் விநாடியிலேயே நின்றது. வரும் 23ஆம் தேதி மூத்தோர் தடகளப் போட்டி. லில்லி புஷ்பம்தான் நேர நடுவர்.

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“‘மிக்ஸி பட்ட பாடு போதும், இதையாவது விட்டுடுங்க’ங்கிறா.”

“மிக்ஸிக்கு என்ன?”

“நான் சரிபண்ண நாள்லேருந்து கொஞ்சம் ஒழுகுது. ஜார் பழசு.”

ஜைனம்பு கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி, அவரை ஒருமுறை பார்த்தார்.

“நூறு டன் எஞ்சினைப் பிரிச்ச கைம்மா இது!”

“நூறு டன் எஞ்சின் முன்னாடி தும்மினா எதுவும் பறக்காது, ஐயா.”

இப்படிச் சொல்லிவிட்டு, ஜைனம்பு ஒரு தட்டை அவர்பக்கம் நகர்த்தினார்.

“அலாரம் டைம்பீஸ். நான் பிரிச்சு வெச்சது. சேர்த்துக் கொடுங்க. அப்புறம் பேசுவோம்.”

சவரிமுத்து அமர்ந்தார்.

நண்பகலில் சக்கரங்கள் இடம் சேர்ந்தன. மூன்று மணிக்கு அலாரம் அலறியது. எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டையில் பாதியைக் கொட்டிக்கொண்டார். சவரிமுத்துவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகுதான் தட்டைப் பார்த்தார். ஒரு திருகாணி கிடந்தது.

டைம்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலியான துளை எங்கும் இல்லை. முள் ஓடுகிறது; மணியும் அடிக்கிறது. ஆசிரியை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

திருகாணி சட்டைப் பைக்குள் போயிற்று. வீட்டில் பழைய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் அதற்குத் துணை இருந்தது: மின்விசிறியின் ஒரு நட்டு, இஸ்திரிப் பெட்டியின் ஒரு ஸ்பிரிங், மிக்ஸியின் கறுப்பு ரப்பர் வளையம்.

“முடிஞ்சுதா, ஐயா?”

“ஓடுதும்மா. அடிக்கவும் அடிக்குது.”

“கேட்டுச்சு, தெருவுக்கே கேட்டுச்சு. தட்டுல எதுவும் மிஞ்சலையே?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்பச் சரி. பிரிங்க.”

லில்லி புஷ்பத்தின் கடிகாரத்தை ஒரு வெல்வெட் துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, மூடி திறக்கும் கருவியை அவர் கையில் கொடுத்தார் ஜைனம்பு. இவ்வளவு எளிதாக அனுமதி கிடைக்கும் என்று சவரிமுத்து எதிர்பார்க்கவில்லை.

கருவியை மூடியில் பொருத்தினார். திருப்பாமல் நிமிர்ந்தார்.

“அம்மா, இதுல ஏதாவது மிஞ்சிருச்சுன்னா?”

“உங்களுக்கா? உங்களுக்குத்தான் எதுவும் மிஞ்சறதே இல்லையே.”

சவரிமுத்து கருவியைக் கீழே வைத்தார். சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

“இது மிஞ்சிருச்சும்மா.”

ஜைனம்பு அதை இடுக்கியால் எடுத்துத் தம்முடைய டப்பாவில் போட்டார்.

“இது அந்த டைம்பீஸோடது இல்ல, ஐயா. நான் தட்டுல போட்டு வெச்சது.”

“அப்ப நான் சேர்த்தது சரியா?”

“துளி பிசகில்ல.”

“பின்ன எதுல தப்புப் பண்ணேன்?”

ஜைனம்பு லென்ஸை மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டார்.

“அந்த மிக்ஸி ஜார் ரொம்பப் பழசா, ஐயா?”

சவரிமுத்து சிரித்த சிரிப்பில் எதிர்க் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். சிரித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று மாலை ரப்பர் வளையத்தை மனைவியிடம் நீட்டினார். “அந்தப் பாட்டிலை நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்னு நினைச்சீங்களாக்கும்?” என்றார் லில்லி புஷ்பம். மிக்ஸி ஒழுகுவது நின்றது.

சனிக்கிழமை, கடிகாரத்தைச் சவரிமுத்துவே பிரித்தார். ஒருபுறம் ஆசிரியையும் மறுபுறம் மனைவியும் அமர்ந்திருந்தனர். விநாடி முள் அச்சில் நழுவியிருந்தது. கழற்றிச் சுழியத்தில் வைத்து அழுத்தினார். மூடும்போது ஒரு திருகாணி தரையில் விழுந்தது. “விழுந்துருச்சு!” என்று உரக்கச் சொன்னார். மூவரும் தவழ்ந்து தேடினர். மேசைக்காலின் அருகே கிடைத்தது.

23ஆம் தேதி அந்தக் கடிகாரமே போட்டிக்கு நேரம் பார்த்தது. அறுபது வயதைக் கடந்தோருக்கான நூறு மீட்டர் ஓட்டத்தில் சவரிமுத்துவும் ஓடினார், கடைசியாக வந்தார். இருபத்திரண்டு விநாடி என்று லில்லி புஷ்பம் எழுதிக்கொண்டார். ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை.