பன்னிரண்டு குன்றிமணி எங்கே?

மருதங்கோட்டையை ஆண்ட செண்பகராயர் நல்ல ராஜாதான். ஒரே ஒரு குறை. தங்கத்தைக் கண்டால் "இது சுத்தம்தானா?" என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. எதிரி படையெடுத்து வந்தால்கூட, அவன் காதுக் கடுக்கனைத்தான் முதலில் பார்ப்பார் என்று ஊரில் பேச்சு.

ஒரு தை மாதம், மகாராணி கோமளவல்லிக்கு ஒரு ஜோடி வளையல் செய்யச் சொன்னார். அரண்மனைத் தட்டார் உலகநாத ஆசாரி கைகட்டி நின்றார்.

"மகாராஜா, பன்னிரண்டில் ஒரு பங்காவது செம்பு சேர்க்கணும். பத்தரை மாற்றுத் தங்கம் ரொம்ப மெத்து. செம்பு இல்லாவிட்டால் நெளியும், தேயும்."

"செம்பா? என் ராணி கையிலா? ஒரு துளி செம்பு இருந்தாலும் உம் உலையை அணைத்துவிடுவேன், ஆமாம்!"

ஆசாரி வாயை மூடிக்கொண்டு வளையலைச் செய்தார். சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். ராணி ஒரு கதவைத் தள்ளினால் வளையல் முட்டை வடிவத்துக்குப் போகும். மறுபடி வட்டமாக்கித் தர ஆசாரி வாரம் ஒருமுறை வந்துபோனார்.

ராஜாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு உரைகல் வைத்திருந்தார். யார் வந்தாலும் சரி, "கோமளா, வளையலைக் கழற்று" என்பார். கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். மஞ்சள் கோடு பளிச்சென்று விழும். "பார்த்தீரா நிறத்தை!" என்பார். வந்தவர் பார்த்தாக வேண்டும். வரி குறைக்கச் சொல்லி வந்த குடியானவர்களும் பார்த்தார்கள், பக்கத்து நாட்டுத் தூதரும் பார்த்தார். அந்தக் கல்லைத் துடைக்கவும் யாரையும் விடமாட்டார். "அது என் தங்கத்துக்குச் சாட்சி" என்பார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. மறு தை வந்தது. தை பிறந்தால் அரண்மனை நகைகளைச் சபையில் நிறுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். ஆசாரி தராசைப் பிடித்தார். வளையல் தட்டு மேலே ஏறியது.

"பன்னிரண்டு குன்றிமணி எடை குறைகிறது, மகாராஜா."

எல்லார் கண்ணும் ராணியின் பணிப்பெண் வடிவம்மையிடம் போனது. நகைப்பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான் இருபது வருஷமாகத் தொங்குகிறது.

"சாமி, நான் தொட்டு வைத்ததோடு சரி. ஒரு பொடிகூட எடுக்கவில்லை" என்று அழுதாள்.

ராஜா எழுந்தே விட்டார். "ராணியின் தங்கத்தை எடுத்த கை எதுவோ, அந்தக் கையில் இரும்பு வளையல் மாட்டுங்கள்! முற்றத்தை மூன்று சுற்று நடக்கவிட்டு, 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்ல வையுங்கள்! நாளைக் காலை வரை அவகாசம். வேறு ஆள் அகப்படாவிட்டால் வடிவம்மைதான்!"

சபையில் பிச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். யோசனை சொல்வதுதான் அவர் வேலை. பெரும்பாலும் யாரும் கேட்காத யோசனை. அவர் மெல்ல எழுந்தார்.

"எடுத்த கை யாருடையதாக இருந்தாலும் இதே தண்டனைதானா, மகாராஜா?"

"யாராக இருந்தாலும்!"

"மகாராணி கேட்டுக்கொண்டீர்களா?"

"நன்றாகக் கேட்டேன்" என்றாள் ராணி.

மறுநாள் காலை பிச்சாண்டி ஆசாரியோடு வந்தார். ஆசாரி கையில் ஒரு உருண்டை மெழுகு, தங்கம் உருக்கும் ஒரு மண்குகை, ஊதுகுழல், கொஞ்சம் கரி.

"கள்ளன் எங்கே?" என்றார் ராஜா.

"தங்கத்தை வைத்திருப்பவனை முதலில் பிடிப்போம். உங்கள் பக்கத்திலேயே கறுப்பாக உட்கார்ந்திருக்கிறான்."

ராஜா திரும்பினார். பக்கத்தில் உரைகல்தான் இருந்தது. கறுப்பு என்று பேர்தானே தவிர, ஒரு வருஷக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அது பாதி மஞ்சளாகியிருந்தது.

ஆசாரி மெழுகைக் கல்லில் ஒற்றி எடுத்தார். ஒற்ற ஒற்ற மெழுகு மினுங்கியது, கல் கறுத்தது. பட்டறைகளில் தினமும் நடக்கிற காரியம்தான் அது. சபையில் இருந்த பெரிய மனிதர்களுக்குத்தான் புதிது. மெழுகைக் குகையில் போட்டு ஊதினார். மெழுகு எரிந்து போனது. அடியில் மிளகு போல ஒரு தங்க மணி உருண்டது.

"பதினொரு குன்றிமணி" என்றார் ஆசாரி, தராசைப் பார்த்தபடி.

"இன்னும் ஒன்று?" என்று ராஜா விடவில்லை.

"ஒவ்வொரு தடவையும் உரைத்த கையை அங்கவஸ்திரத்தில் துடைத்தீர்களே, அதைக் கேளுங்கள்" என்றார் பிச்சாண்டி.

ராஜா குனிந்து பார்த்தார். அங்கவஸ்திரத்தின் ஓரம் மினுமினு என்று மின்னியது. சபையில் யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"பிச்சாண்டி... நான் சோதித்துத்தானே பார்த்தேன்?"

"ஆமாம் மகாராஜா. சுத்தமா என்று தினமும் பத்துப் பேருக்குக் காட்டினீர்கள். சுத்தமாக இருந்ததால்தான் இவ்வளவு சுலபமாகத் தேய்ந்தது. கொஞ்சம் செம்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கும்."

ராணி எழுந்து வந்தாள். மடியிலிருந்து இரண்டு இரும்பு வளையல்களை எடுத்தாள். "கையை நீட்டுங்கள்" என்றாள்.

ராஜா சபையைப் பார்த்தார். சபை கூரையைப் பார்த்தது. வேறு வழி? அரண்மனை முற்றத்தை மூன்று சுற்று சுற்றினார். வளையல் கிணுகிணுக்க, "நான்தான் எடுத்தேன்" என்று முதல் சுற்றில் முணுமுணுத்தார். "கேட்கவில்லை" என்றாள் ராணி. மூன்றாவது சுற்றில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வந்து உட்கார்ந்ததும் தங்க மணியை வடிவம்மைக்குக் கொடுத்து, "மனசில் வைத்துக்கொள்ளாதே, அம்மா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை மறுபடி இடுப்பில் செருகினாள். வளையலை உருக்கிச் செம்பு சேர்த்துச் செய்ய ஆசாரிக்கு உத்தரவானது.

"பிச்சாண்டி, உமக்கு என்ன வேண்டும்? கேளும்!"

பிச்சாண்டி தலையைச் சொறிந்தார்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. அந்தக் கல்லை எனக்குக் கொடுத்துவிடுங்கள். ராணியம்மாவின் மற்ற நகைகளோடு தினமும் என் வீட்டுக்கு வந்து, நீங்கள் எப்போதும் போலச் சோதித்துக்கொண்டிருங்கள். மெழுகு என் செலவு."