பொன்மேட்டு எலிகள் அடைத்த வாசல்

நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில் பொன்மேடு என்றொரு மண்மேடு இருந்தது. அதில் வெள்ளெலிகள் குடியிருந்தன. ஏதோ சாதாரண எலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வசதியான எலிகள்! வளைக்கு வளை கடலைக் கிடங்கு, படுக்கப் பஞ்சு மெத்தை. பள்ளத்து எலிகள் அந்த மேட்டை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடும்.

அந்த மேட்டில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வளையும் பக்கத்து வளையோடு சுரங்கத்தால் சேர்ந்திருக்கும். ஆபத்தைக் கண்டவர் பின்னங்காலால் 'தொப் தொப்' என்று தரையைத் தட்டுவார். மேடே அதிரும். உடனே யாரும் யார் வளைக்குள்ளும் புகுந்து, கிட்ட இருக்கும் வாசல் வழியே ஓடிவிடலாம்.

ஒருநாள் காலையில் நெடுவாலன் என்ற எலி தன் வாசலிலேயே செத்துக் கிடந்தான். கழுத்தில் கடி. ஆனால் கிடங்கில் ஒரு கடலைகூடக் குறையவில்லை.

"கடலை போகலையே! அப்புறம் எதுக்குக் கொன்னாங்க?" என்று கேட்டான் கன்னன். இவன் நெடுவாலனின் பக்கத்து வளைக்காரன். எந்நேரமும் கன்னம் நிறையக் கடலை வைத்திருப்பதால் அந்தப் பெயர்.

திருட வந்தவன் கொன்றான் என்றாலாவது புரியும். இது புரியவே இல்லை.

"ஆந்தைதான்! இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டேன்!" என்றது ஓர் எலி.

"ஆந்தையாவது, கூகையாவது! காட்டுப்பூனை! நானே பார்த்தேன்!" என்றது இன்னொன்று.

"பள்ளத்துத் தவளைங்கதான்! நேத்துக் கூட்டமாக் கத்திச்சே!" என்றது மூன்றாவது.

"தவளைக்கு ஏதுங்க பல்லு?" என்று கேட்டாள் கன்னனின் மனைவி மினுக்கி.

"கூலிக்கு ஆள் வெச்சிருக்கும்!"

கன்னன் எல்லோருக்கும் தலையாட்டினான். ஆந்தை என்றபோது ஆந்தையை நம்பினான். பூனை என்றபோது பூனையை நம்பினான். தவளையைக்கூடக் கொஞ்சம் நம்பினான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவனுக்கு.

அதன்பிறகு மேட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. இலை விழுந்தால் தொப் தொப்! காற்றடித்தால் தொப் தொப்! ஓர் எலி தன் நிழலைப் பார்த்தே தட்டியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா?

மேட்டுத் தலைவர் தொந்தியார் கூட்டம் போட்டார்.

"தட்டுறதை எல்லாரும் நிறுத்துங்க! மானம் போகுது! இனிமே அவங்கவங்க வளையை அவங்கவங்கதான் பார்த்துக்கணும். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு மனுசங்களே சொல்றாங்க! சுரங்கத்தையெல்லாம் அடைங்க. ஆளுக்கு ஒரு வாசல் போதும்!"

"ஆமாம், ஆமாம்!" என்றது கூட்டம். கன்னனும் சேர்ந்து கத்தினான்.

அன்றே வாய்க்காலிலிருந்து களிமண் கொண்டுவந்து குவித்தான்.

"எல்லாத்தையும் அடைச்சிட்டா நாம எப்படி ஓடுறது?" என்றாள் மினுக்கி.

"எல்லாத்தையும் அடைச்சிட்டா அது எப்படி உள்ளே வரும்?"

"வாசல் வழியா வந்தா?"

கன்னனுக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே கோபித்துக்கொண்டான். பதில் தெரியாதவர்களுக்கு அதுதானே வழி!

முதலில் அவன் அடைக்கப் போனது நெடுவாலன் வீட்டுச் சுரங்கம். அந்தப் பக்கம் நெடுவாலனின் மனைவி கருமூக்கி அழுத கண்ணோடு நின்றாள்.

"அண்ணே, இந்த ஒரு வழியை மட்டும் விட்டுடுங்க. தனியா இருக்கப் பயமா இருக்கு."

"செத்தது உங்க வீட்டுல தங்கச்சி. அது நாளைக்கு உங்க வழியா எங்க வீட்டுக்கு வந்தா நான் என்ன செய்வேன்?"

சொல்லும்போது அவனுக்கே நெஞ்சு உறுத்தியது. இருந்தாலும் மண்ணை அப்பினான். கடைசிக் கட்டியையும் வைத்து அழுத்திய பிறகு அவள் அழுகை கேட்கவில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டாளா, சுவர்தான் அவ்வளவு கனமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுவர் வைத்தால் பயம் போகும் என்று நினைத்தான். போகவில்லை. முன்பு வெளியே என்ன நடக்கிறது என்றாவது தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. சில சமயம், கொலைகாரனை வெளியே வைத்துப் பூட்டினோமா, நம்மை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டோமா என்று குழம்புவான்.

ஒருநாள் நல்ல மத்தியானம். கன்னனின் இரண்டு குட்டிகளும் பஞ்சில் படுத்திருந்தன. திடீரென்று வளைக்குள் வெளிச்சம் மங்கியது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தலை உள்ளே நுழைந்தது.

நாகம்!

"ஓடுங்க! குட்டிகளைத் தூக்கிட்டு ஓடுங்க!" என்று அலறினாள் மினுக்கி.

எங்கே ஓடுவது? கன்னன் இடப்பக்கம் ஓடினான். சுவர். வலப்பக்கம் ஓடினான். சுவர். எல்லாம் அவனே பார்த்துப் பார்த்து வைத்த சுவர்கள்! தொப் தொப் என்று தட்டினான். மண் சத்தத்தை விழுங்கிவிட்டது. லேசாகக் கேட்ட ஒன்றிரண்டு எலிகளும், 'தட்டக் கூடாதுன்னு சொல்லியும் எவனோ தட்டுறானே' என்று திரும்பிப் படுத்துக்கொண்டன.

கன்னன் கருமூக்கி வீட்டுச் சுவரைப் பிறாண்டினான். நகம் தெறிக்கப் பிறாண்டினான். மறுபக்கம் ஏதோ சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்டான். அவள் அந்தப் பக்கத்திலிருந்து மேலும் மண்ணை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்!

"தங்கச்சி! திற!"

"யாரு?"

"நான்தான், கன்னன்!"

"கொல்ல வர்றவனும் கன்னன்னுதான் சொல்லுவான்!"

"நாகம் உள்ளே வந்துடுச்சு தங்கச்சி!"

"அப்போ திறந்தா அது இங்கேயும் வருமே!"

அவன் தோண்டத் தோண்ட அவள் அடைத்தாள். நாகம் நெருங்கியது. மினுக்கி கிடங்கின் மேல் பாய்ந்து பின்னங்கால்களால் உதைத்தாள். ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த கடலை சரசரவென்று சரிந்து வழியை அடைத்தது. நாகம் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றது. சரிவில் சறுக்கி விழுந்த மினுக்கியும் அந்தப் பக்கம்தான்.

"அத்தை! அத்தை!" என்று குட்டிகள் கருமூக்கி வீட்டுச் சுவரைப் பார்த்து வீறிட்டன.

மண் வைக்கும் சத்தம் நின்றது. அடுத்த கணம் கருமூக்கியும் தோண்டத் தொடங்கினாள். சுவரில் ஓட்டை விழுந்தது. கன்னன் குட்டிகளை அதற்குள் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

"மினுக்கி! வா! வழி கிடைச்சிடுச்சு!"

கடலைக் குவியலுக்கு அப்பால் ஒரே ஒரு கீச்சுக் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போக மாட்டேன் என்று நின்றவனின் காதைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள் கருமூக்கி.

சாயங்காலம் நால்வரும் ஆவாரம் புதருக்குள் ஒண்டியிருந்தார்கள். கன்னனுக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

"அவரைக் கொன்னதும் இந்த நாகந்தானா அண்ணே?" என்று கேட்டாள் கருமூக்கி.

"தெரியலையே. நாகமா இருந்தா முழுங்கியிருக்குமே. வேற ஏதோ... தெரியலை தங்கச்சி."

ஆனாலும் அவனால் அடக்க முடியவில்லை. "கூப்பிட்டதுமே நீ திறந்திருந்தா அவ பிழைச்சிருப்பா!" என்றான்.

கருமூக்கி நடுங்கும் குட்டிகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தப்புதான் அண்ணே. சாகிறவரைக்கும் அது என்னை விடாது. ஆனா திறக்கிற மாதிரியா இருந்துச்சு? முன்னாடி அங்கே சுவரே இல்லாம இருந்துச்சே, அண்ணே!"

கன்னன் நகம் தெறித்த தன் முன்னங்கால்களைக் குனிந்து பார்த்தான்.

பயத்தில் அடுத்தவருக்கு நாம் அடைக்கும் வாசல், ஆபத்தில் நமக்கே அடைபட்ட வாசலாகிவிடும்.